16 கிலோபைட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர் ஒன்றை, அதாவது அந்தப் பழைய வீட்டுக் கணினியைப் போலவே இன்றைய கணினியில் நடந்துகொள்ளும் நிரலை, இறக்கித் திறந்து பாருங்கள். ஒரு கணம் திரை கறுத்து, அப்புறம் வெளுத்து, அடியில் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: © 1982 சிங்க்ளேர் ரிசர்ச் லிமிடெட். ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் அந்த வரி மறைந்து, பேசிக் மொழியில் நிரல் எழுத இடம் விட்டு ஒதுங்கிவிடும். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த ரப்பர் விசைக் கணினியும் இப்படியேதான் கண் விழித்தது. எமுலேட்டரை எழுதியவர் இந்த வரியை வரைந்து வைக்கவில்லை. உள்ளே அசல் நிரலே ஓடுகிறது, ஒரு பைட்டும் மாறாமல்.

அந்த நிரல் இருக்கும் கோப்பு ரோம், அசல் கணினியின் நிரந்தர நினைவகச் சிப்பில் இருந்ததன் நகல். 16,384 பைட்தான். இந்தக் கட்டுரையைச் சேமித்து வைத்தால் அதைவிடப் பெரிதாக வரும். அதன் கடைசி 768 பைட்டுகள் திரையில் காட்டவேண்டிய எழுத்துகளின் வடிவங்கள். 96 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 8 பைட். வழக்கமாக 127ஆம் எண்ணில் அழிப்புக் குறி இருக்கவேண்டும், ஆனால் சிங்க்ளேர்காரர்கள் அங்கே © குறியை வைத்தார்கள். ஆகவே அந்த ரோமின் கடைசி எட்டு பைட்டுகளை எடுத்து (60, 66, 153, 161, 161, 153, 66, 60) புள்ளி புள்ளியாகக் கட்டத்தில் நிரப்பினால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு 'சி'யும் கிடைக்கும். இயங்குதளம் முழுவதுமே பதிப்புரிமைக் குறியில்தான் முடிகிறது. வேண்டுமென்று செய்ததாக இருக்காது, ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது கேள்வி. எமுலேட்டரோடு இந்தக் கோப்பையும் சேர்த்து ஊருக்கெல்லாம் கொடுக்கலாமா? கொடுக்க யாரிடம் கேட்பது? திரையில் பெயர் இருக்கிறதே, அவர்களிடம் கேட்டால் போதாதா என்றால், போதாது. 1986 ஏப்ரலில் சிங்க்ளேர் தன் கணினித் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு ஆலன் சுகரின் அம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். திரையில் இருக்கும் பெயருக்கு அதற்கப்புறம் அந்த 16 கிலோபைட்டில் உரிமை எதுவும் இல்லை. பட்டாவில் ஒரு பெயர், வாசல் பலகையில் வேறொரு பெயர் என்கிற கதைதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எமுலேட்டர் வேறு, ரோம் வேறு. எமுலேட்டர் என்பது பழைய இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று படித்துப் புரிந்துகொண்டு புதிதாக எழுதிய நிரல். அது எழுதியவருக்கே சொந்தம். அமெரிக்காவில் சோனி பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது வழக்குப் போட்டபோது, 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம்தான் நின்றது. ஆராய்ச்சிக்காக இடையில் சோனியின் நிரலை நகலெடுத்ததுகூட நியாயமான பயன்பாடே என்றது. ஆனால் கனெக்டிக்ஸ் விற்ற பொருளுக்குள் சோனியின் நிரல் எதுவும் இல்லை, மொத்தமும் அவர்களே எழுதியது. ரோமை அப்படியே கொடுப்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கு தீர்ந்தது 1983இல், ஆப்பிளுக்கும் ஃபிராங்க்ளினுக்கும் நடந்த வழக்கில். ஃபிராங்க்ளின் ஆப்பிள் 2ஐப் போலவே ஒரு கணினி செய்து விற்றது. ரோமையும் இயங்குதளத்தையும் அப்படியே எடுத்துப் போட்டதை அவர்கள் மறுக்கவே இல்லை. அவர்கள் நிரல்களுக்குள் ஆப்பிளில் வேலை பார்த்த ஒரு நிரலாளரின் பெயரும் 'ஆப்பிள்சாஃப்ட்' என்ற சொல்லும் அப்படியே கிடந்தன, மறுத்தும் பயனில்லை. அவர்கள் வாதம் வேறு: மனிதர் படிக்க எழுதியதற்குத்தான் பதிப்புரிமை, சிப்புக்குள் இருக்கும் ஒன்றும் சுழியமும் இயந்திரத்தின் ஒரு உறுப்பு, அதை யாரும் படிப்பதில்லை, ஆகவே அதற்குப் பதிப்புரிமை கிடையாது. கீழ் நீதிமன்றம் கொஞ்சம் தயங்கியது. மேல் நீதிமன்றம் தயங்கவில்லை. ரோமில் இருந்தாலும் சரி, இயங்குதளமாக இருந்தாலும் சரி, அது படைப்புதான் என்று சொல்லிவிட்டது. இன்றைக்குப் பல எமுலேட்டர் பக்கங்களில் "ரோம் கோப்பை நீங்களே கொண்டுவரவேண்டும்" என்று எழுதியிருப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நீங்களே கொண்டுவருவது என்றால்? உங்களிடம் பழைய இயந்திரம் இருக்கவேண்டும், அது வேலை செய்யவேண்டும், அதிலிருந்து 16 கிலோபைட்டை வெளியே எடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். கேசட்டில் பதிவு செய்து, அந்த ஒலியைக் கணினியில் ஏற்றி, திரும்பக் கோப்பாக மாற்றவேண்டும். செய்யலாம். ஆயிரத்தில் ஒருவர் செய்வார். மீதிப் பேர் எங்கேயாவது தேடி எடுத்துக்கொள்வார்கள், 90களில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

1999இல் அது மாறியது. அம்ஸ்ட்ராட்டில் வேலை பார்த்த கிளிஃப் லாசன் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத அமைப்பில் ஸ்பெக்ட்ரம் ஆர்வலர்களின் குழுவில் ஒரு பதில் எழுதினார். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் எங்கள் ரோமைச் சேர்த்துக் கொடுப்பதில் அம்ஸ்ட்ராட்டுக்கு மகிழ்ச்சியே, பதிப்புரிமை வாசகத்தை மட்டும் மாற்றாதீர்கள், அப்புறம் கையேட்டில் 'அம்ஸ்ட்ராட் அனுமதி தந்திருக்கிறது, உரிமை அவர்களிடமே இருக்கிறது' என்று ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும். சாரம் அவ்வளவுதான். முத்திரைத்தாள் இல்லை, 14 பக்க ஒப்பந்தம் இல்லை, ஒரு ஊழியரின் பதில். இன்று வரை உலகத்தில் உள்ள ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் ரோமோடு வருவதற்கு ஆதாரம் அந்தப் பதில்தான்.

வக்கீல் ஒருவரிடம் இதைக் காட்டினால் தலையில் கை வைத்துக்கொள்வார். மாற்றி எழுதலாமா? எமுலேட்டருக்குப் பதில் புதிய வன்பொருளில் ஏற்றி விற்கலாமா? அனுமதியைத் திரும்பப் பெறமுடியுமா? நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும்? ஒன்றுக்கும் இறுக்கமான பதில் இல்லை. இதில் கண்டிப்பானவர்கள் என்றால் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பராமரிக்கிறவர்கள்தான். யாரும் மாற்றலாம், யாரும் விற்கலாம் என்று எழுத்தில் இருந்தால்தான் ஒன்றைச் சுதந்திர மென்பொருள் என்று ஏற்பார்கள். ஸ்பெக்ட்ரம் ரோம்களை அவர்கள் 'நான்-ஃப்ரீ' என்ற தனி அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எமுலேட்டர் வீட்டுக்குள், ரோம் திண்ணையில்.

ஆனாலும் அந்த ஓட்டை ஒப்புதல் கால் நூற்றாண்டாகத் தாங்கி நிற்கிறது. காரணம் எளிது என்று நினைக்கிறேன். உரிமை ஒரே கையில் இருந்தது, அந்தக் கை உயிரோடு இருந்தது, அந்த ரோமை வைத்துப் பணம் பண்ணும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே ஒருவர் கேள்வியைப் படித்துப் பதில் சொல்ல மெனக்கெட்டார். பழைய மென்பொருள் விஷயத்தில் சட்டம் கெட்டியாக இருப்பதைவிட இந்தக் கடைசி விஷயம் அரிது. இதோடு ஒப்பிட்டுத்தான் மற்ற அனுமதிகளைப் பார்க்கவேண்டும். அந்த அனுமதி ரோமுக்கு மட்டும்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுகள் வேறு வேறு ஆட்களுடையவை, அவர்கள் சார்பில் அம்ஸ்ட்ராட் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

சிபி/எம் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் டாஸுக்கு முன்னால் அலுவலகக் கணினிகளை ஆண்ட இயங்குதளம், கேரி கில்டால் எழுதியது, அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் விற்றது. அந்த நிறுவனத்தை 1991இல் நோவெல் வாங்கியது, 1996இல் கால்டெரா வாங்கியது, அதிலிருந்து பிரிந்த லினியோ கைக்கு அப்புறம் போனது. 2001இல் லினியோவின் பிரையன் ஸ்பார்க்ஸ் ஒரு அனுமதிக் கடிதம் கொடுத்தார். நல்ல மனதோடு கொடுத்ததுதான். ஆனால் கடிதம் ஒரு குறிப்பிட்ட இணையதளத்தின் பெயரைச் சொல்லி, அந்தத் தளத்தின் வழியாக வழங்கலாம் என்கிற மாதிரி அமைந்துவிட்டது. அங்கிருந்து இறக்கியவர் தன் எமுலேட்டரோடு சேர்த்து இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? ஆமாம் என்றும் படிக்கலாம், இல்லை என்றும் படிக்கலாம். பயப்படுகிறவர்கள் இல்லை என்றே படித்தார்கள். ஒரு வாக்கியத்தின் எல்லைக்காக 21 வருடம் இழுபறி. 2022 ஜூலையில்தான் அதே ஸ்பார்க்ஸ், இப்போது டிஆர்டாஸ் நிறுவனத்தின் தலைவராக, இன்னொரு பத்தி எழுதினார்: சிபி/எம்மையும் அதிலிருந்து பிறந்தவற்றையும் பயன்படுத்தலாம், வழங்கலாம், மாற்றலாம், மேம்படுத்தலாம். யாருக்கு, எந்தத் தளத்துக்கு என்ற வரம்பு எதுவும் இல்லை. கவனியுங்கள், கொடுத்தவர் இரண்டு தடவையும் ஒரே ஆள். அவர் நடுவில் இல்லாமல் போயிருந்தால் அந்த இரண்டாவது பத்தியை எழுத யார் இருந்திருப்பார்கள்?

சிபி/எம்மில் சிக்கல் 'எதற்கு' என்பதில். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, கொடுத்தவரிடம் கொடுக்க இருந்ததா என்பதிலேயே.

யூனிக்ஸ் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பிடிபி-11 என்ற இயந்திரத்தில் ஓடிய பழைய பதிப்புகளை எமுலேட்டரில் ஓட்ட வேண்டும் என்று 90களில் ஒரு சிறு கூட்டம் துடித்தது. ஆஸ்திரேலியாவில் வாரன் டூமி இதற்காகக் கையெழுத்து சேர்த்து, அப்போது யூனிக்ஸை வைத்திருந்த எஸ்சிஓ நிறுவனத்திடம் விடாமல் கேட்டார். 1998இல் எஸ்சிஓ ஒரு வழி சொன்னது: 100 டாலர் கட்டி உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பழைய மூலநிரலை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். 20 வருடப் பழைய, யாரும் வாங்காத மென்பொருளுக்கு 100 டாலரா என்று இப்போது தோன்றும். ஆனால் அதுவரை யூனிக்ஸ் மூலநிரல் உரிமத்தின் விலை தனியாள் ஒருவர் நினைத்தும் பார்க்க முடியாதது, ஆகவே ஆர்வலர்களுக்கு அது தீபாவளி. 2001இல் எஸ்சிஓவின் யூனிக்ஸ் தொழிலைக் கால்டெரா வாங்கியது. ஆம், சிபி/எம் கதையில் வந்த அதே கால்டெராவின் இன்னொரு கிளை. 2002 ஜனவரியில் அவர்கள் இன்னும் தாராளமாக, ஏழாம் பதிப்பு வரையிலான பழைய யூனிக்ஸ்களையும் 32வி என்ற பதிப்பையும் யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், வழங்கலாம் என்கிற பிஎஸ்டி வகை உரிமத்தில் திறந்துவிட்டார்கள். காசில்லை, கையெழுத்தில்லை. சிஸ்டம் 3, சிஸ்டம் 5 இரண்டும் இதில் சேராது என்பதையும் தெளிவாக எழுதினார்கள். இந்த அனுமதியை உதாரணம் காட்டலாம்: எது உள்ளே, எது வெளியே, என்ன செய்யலாம், எல்லாம் எழுத்தில்.

அதே வருடம் எஸ்சிஓ குழுமம் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம், அடுத்த வருடமே லினக்ஸுக்குள் எங்கள் யூனிக்ஸ் இருக்கிறது என்று ஐபிஎம் மீது பெரிய வழக்கைப் போட்டது. அப்போது நோவெல் எழுந்து, ஒரு நிமிடம், யூனிக்ஸ் பதிப்புரிமையே எங்களிடம்தான் இருக்கிறது என்றது. 1995இல் நோவெல் யூனிக்ஸ் தொழிலை எஸ்சிஓவுக்கு விற்ற ஒப்பந்தத்தில், விற்பனையில் சேராதவை என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு வரி: எல்லாப் பதிப்புரிமைகளும். மறு வருடம் போட்ட திருத்தம் ஒன்று அந்த வரியைக் குழப்பிவிட்டது, அதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் 2010 மார்ச்சில் ஜூரி நோவெல் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அப்படியானால் 2002இல் கால்டெரா கொடுத்த அழகான உரிமம்? தன்னுடையது அல்லாத தோப்பில் மாங்காய் பறித்துக்கொள்ள ஊருக்கு அனுமதி கொடுத்த கதையா? நேரடியாக அந்தக் கேள்வியை யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. நோவெலும் ஆட்சேபிக்கவில்லை. நோவெலை 2011இல் அட்டாச்மேட் வாங்கியது, 2014இல் மைக்ரோ ஃபோக்கஸ், 2023இல் ஓப்பன்டெக்ஸ்ட் என்று கைகள் மாறிக்கொண்டே போகின்றன. பழைய யூனிக்ஸ் எமுலேட்டரில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் குறையே இல்லாத உரிமத்தின் அடித்தளம் சந்தேகம், காகிதமே இல்லாத அம்ஸ்ட்ராட் பதிலின் அடித்தளம் உறுதி. எனக்கு இந்த முரண் பிடித்திருக்கிறது.

யூனிக்ஸிலேயே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. எட்டு, ஒன்பது, பத்தாம் பதிப்புகள் பெல் ஆய்வகத்தை அதிகம் தாண்டாதவை. அவற்றைப் பற்றி 2017இல் அல்காட்டெல்-லூசென்டும் நோக்கியா பெல் ஆய்வகமும் ஒரு அறிக்கை விட்டன. வணிகம் சாராத விதத்தில் நகலெடுத்து, பரப்பி, மாற்றினால் எங்கள் பதிப்புரிமையைக் காட்டி வழக்குப் போடமாட்டோம். உரிமம் தருகிறேன் என்பதும் வழக்குப் போடமாட்டேன் என்பதும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டாவதில் 'எனக்கு உரிமை இருந்தால்' என்பது உள்ளே ஒளிந்திருக்கிறது. உரிமை முழுக்கத் தன்னிடம்தானா என்று சந்தேகம் இருக்கும் நிறுவனத்துக்கு இதுதான் வசதி: இல்லாததைக் கொடுத்தேன் என்று நாளைக்கு யாரும் சட்டையைப் பிடிக்கமுடியாது. பழைய மென்பொருளுக்கு அனுமதி கேட்டுப் போகிறவர்கள் முழு உரிமம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இப்படி ஒன்றைக் கேட்டால் நிறுவன வக்கீலின் கை சீக்கிரம் அசையும் என்பது என் எண்ணம்.

காலக்கெடு வைத்த அனுமதிகளும் இருக்கின்றன. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விஎம்எஸ் இயங்குதளத்துக்கு ஆர்வலர் உரிமம் என்று ஒன்று வெகுகாலம் இருந்தது. இலவசம்தான், ஆனால் வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும், சாவி காலாவதியானால் வழக்கம்போல் பயன்படுத்தமுடியாது. நிறுவனம் காம்பாக் ஆகி, எச்பி ஆகி, அதிலிருந்து பிரிந்த எச்பிஇ 2020இல் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. கடைசிச் சாவிகள் 2021 முடிவோடு காலாவதி. விஎம்எஸ்ஸை இப்போது வளர்க்கும் விஎஸ்ஐ தன் பங்குக்கு ஒரு சமூக உரிமத் திட்டம் தொடங்கியது, ஆனால் அவர்கள் கையில் பழைய வாக்ஸ் இயந்திரத்துப் பதிப்பு இல்லை. எமுலேட்டர்காரர்கள் ஆசையோடு ஓட்டுவது அந்த வாக்ஸைத்தான். வாடகை வீட்டில் மரம் நட்ட மாதிரி ஆகிவிட்டது.

'பார், தொடாதே' வகையும் இருக்கிறது. 2014 மார்ச்சில் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் எம்எஸ்-டாஸ் 1.1, 2.0 மூலநிரல்களை மைக்ரோசாஃப்ட் ஒப்புதலோடு வெளியிட்டது. செய்தியெல்லாம் 'டாஸ் திறக்கப்பட்டது' என்று வந்தது. உரிமத்தைப் படித்தால் ஆராய்ச்சிக்கு மட்டும், வேறு யாருக்கும் வழங்கக்கூடாது. எமுலேட்டரோடு சேர்த்துக் கொடுக்க நினைத்தவருக்கு அதில் ஒரு பைட்டும் உதவாது. அதே நிரலை 2018இல் மைக்ரோசாஃப்ட் நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தில், யாரும் மாற்றி வழங்கலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் போட்டபோதுதான் உண்மையிலேயே திறந்தது. 2024 ஏப்ரலில் ஐபிஎம்மும் சேர்ந்து 4.00ஐயும் அப்படியே விட்டார்கள். ஆப்பிள் லிசாவின் மூலநிரல் 2023 ஜனவரியில், அந்த இயந்திரத்தின் 40ஆம் பிறந்தநாளில், அதே அருங்காட்சியகத்தின் வழியாக வந்தது; அது இன்னும் 'பார், தொடாதே' நிலையில்தான் நிற்கிறது. வெளியிட்டார்கள் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிடாமல், மறுபடி வழங்கலாமா என்ற ஒரு வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

டாஸ் பற்றிப் பேசும்போது நம் பக்கத்தையும் ஒரு வார்த்தை. தமிழ்க் கணிமையின் முதல் சொற்செயலிகள் டாஸில்தான் ஓடின. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியது 1985இல். ஒருங்குறிக்கு முந்தைய அந்தக் காலத்துக் கோப்பு ஒன்று ஃபிளாப்பியில் மாட்டிக்கொண்டிருந்தால், அதைத் திறக்க முதலில் ஒரு டாஸ் வேண்டும். நல்ல வேளையாக அதற்கு யாரிடமும் கையேந்த வேண்டாம், 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் முழுக்கப் புதிதாக எழுதியது. சொற்செயலி நிரலுக்கும் எழுத்துருவுக்கும் யாரிடம் கேட்பது என்பது வேறு தலைவலி.

இப்படிப் புதிதாகவே எழுதிவிடுவது அனுமதி கிடைக்காதவர்களின் பழைய வழி. அமிகா என்ற பழைய வீட்டுக் கணினியின் கதையில் அதைப் பார்க்கலாம். அதைச் செய்த கொமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது, 1995இல் ஜெர்மனியின் எஸ்காம் வாங்கியது, அதுவும் அடுத்த வருடமே திவால், 1997இல் கேட்வே வாங்கியது, அப்புறம் அமிகா இன்க் என்ற பெயரில் இன்னொரு கை, அதோடு ஹைப்பீரியன் என்ற நிறுவனத்தோடு நீதிமன்றச் சண்டை. நடுவில் குளோவாண்டோ 1997இலிருந்தே 'அமிகா ஃபாரெவர்' என்று, உரிமம் வாங்கிய அமிகாவின் கிக்ஸ்டார்ட் ரோம்களை எமுலேட்டரோடு கட்டி விற்கிறது. பழைய ரோமுக்குக் காசா என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்பதைவிட, இன்ன விலை, இன்ன கடை என்று தெரிவது மேல். வேண்டாதவர்களுக்கு ஏரோஸ் என்ற மாற்று ரோம் இருக்கிறது, எல்லா விளையாட்டும் அதில் ஓடாது என்பதோடு. அட்டாரி எஸ்டி கணினிக்கு எம்யூடாஸ் என்ற மாற்று இயங்குதளம் இருக்கிறது. அது பிறந்த விதம் சுவையானது: டிஜிட்டல் ரிசர்ச்சின் ஜெம் என்ற வரைகலை இடைமுகத்தின் மூலநிரலைக் கால்டெரா 1999இல் ஜிபிஎல் என்ற சுதந்திர மென்பொருள் உரிமத்தில் திறந்துவிட்டது, அதை அடித்தளமாக வைத்துத்தான் எம்யூடாஸ் கட்டினார்கள். ஆக, ஒரு இடத்தில் கொடுத்த அனுமதி அதைக் கொடுத்தவர்கள் நினைக்காத இன்னொரு இயந்திரத்தைப் பிழைக்க வைத்தது.

அனுமதியே தேவைப்படாத விசித்திரமும் ஒன்று உண்டு. ஐபிஎம் பெருங்கணினிகளில் ஓடிய எம்விஎஸ் 3.8 என்ற இயங்குதளம். அமெரிக்காவில் 1989 மார்ச் வரைக்கும், வெளியிடும் பிரதியில் பதிப்புரிமை வாசகம் இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. இல்லாவிட்டால் உரிமை போய்விடும் ஆபத்து. ஐபிஎம் அன்றைக்குக் காசு வாங்கியது வன்பொருளுக்கும் சேவைக்கும்தான், இயங்குதளம் அதோடு வருகிற இணைப்பு, ஆகவே எம்விஎஸ்ஸை வாசகம் எதுவும் போடாமலேயே அனுப்பினார்கள். அதனால் அதைப் பொதுவுடைமை என்று எல்லாரும் கொள்கிறார்கள். 1999இல் ரோஜர் பௌலர் ஹெர்குலிஸ் எமுலேட்டரை வெளியிட்டதும் வங்கிகளிலும் விமான நிறுவனங்களிலும் ஓடிய வகை இயங்குதளம் வீட்டு மேசையில் ஓட ஆரம்பித்தது. அதற்குப் பின்வந்த ஐபிஎம் இயங்குதளங்களுக்கு இந்தக் கதவு கிடையாது. ஹெர்குலிஸில் இன்றைய இசட்/ஓஎஸ் ஓட்டினால் ஐபிஎம் விடாது. ஸ்பெக்ட்ரமுக்கு அந்த எட்டு பைட் குறி கடைசியில் உட்கார்ந்திருக்கிறது, எம்விஎஸ்ஸுக்கு அந்தக் குறி இல்லாததே வரம். 1989க்கு அப்புறம் அமெரிக்காவிலும் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிப்புரிமை தானாகவே ஒட்டிக்கொள்கிறது. 'இதில் © போடவில்லையே' என்று புதிய மென்பொருளை வைத்து வாதாடாதீர்கள்.

சரி, கேட்பதற்கு ஆளே இல்லையென்றால்? நிறுவனம் மூடிவிட்டது, ஆகவே மென்பொருள் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்று இணையத்தில் ஒரு செல்லப்பெயரே இருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு வகை இல்லை. திவாலான நிறுவனத்தின் பதிப்புரிமையும் மேசை நாற்காலி மாதிரி ஒரு சொத்து, கடன்காரர்களுக்காக ஏலம் போகும். பிரிட்டனில் ஒரு நிறுவனம் கலைக்கப்பட்டு, எஞ்சிய சொத்தை எடுக்க யாரும் வராவிட்டால், அது வாரிசில்லாச் சொத்தாக அரசிடம் போய்ச் சேர்கிறது. பதிப்புரிமையும் அதில் சேர்த்தி. 80களில் நான்கு பேர் சேர்ந்து எழுதிய வட்டு இயங்குதளம் ஒன்று இன்றைக்கு மன்னரின் சொத்தாக எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கலாம்.

உயிரோடு இருக்கும் நிறுவனத்திலும் பதில் கிடைக்கும் என்று உறுதியில்லை. நான் ஒருமுறை ஒரு பழைய கணினியின் சிஸ்டம் வட்டை நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா என்று, அந்த உரிமையை இப்போது வைத்திருப்பதாக எனக்குப் பட்ட நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் கேட்ட பொருள் தற்போது விற்பனையில் இல்லை, எங்கள் புதிய பதிப்பைப் பாருங்கள், 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. கோபப்பட எதுவும் இல்லை. அப்படி ஒரு பொருள் தங்களுடையது என்பதே அந்த மேசையில் இருந்தவருக்குத் தெரிந்திருக்காது. பல இடத்தில் மறுப்பு என்று நாம் நினைப்பது மறதிதான்.

காத்திருந்தால் தானாக உரிமை தீர்ந்துவிடாதா? தீரும், நம் காலத்தில் அல்ல. அமெரிக்க நிறுவனம் தன் ஊழியர்களைக் கொண்டு எழுதியதற்கு வெளியான நாளிலிருந்து 95 வருடம். 1977இல் வந்த ஆப்பிள் 2வின் ரோம் 2073 ஜனவரியில் விடுதலை. பிரிட்டனில் எழுதியவரின் ஆயுளோடு 70 வருடம். ஸ்பெக்ட்ரம் ரோமை கேம்பிரிட்ஜில் நைன் டைல்ஸ் நிறுவனத்தில் எழுதியவர்கள் நீண்ட நாள் வாழட்டும், ஆனால் அந்தக் கணக்கைப் போட்டால் அடுத்த நூற்றாண்டு எட்டிப் பார்க்கிறது. இந்தியாவில் கணினி நிரல் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் வருகிறது, ஆயுளோடு 60 வருடம். நியாயமாக நிரலை வைத்திருப்பவர் தன் பாதுகாப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ள நம் சட்டத்தின் 52ஆம் பிரிவு விடுகிறது. அந்த நகலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க அது விடவில்லை. வட்டும் ரோமும் 95 வருடம் தாங்காது என்பது சட்டம் எழுதியவர்களின் கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே கேட்கிறவர் வேலை கேட்பதுதான், அதுவும் கேட்கத் தெரிந்து கேட்பது. எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'என் தளத்தில் வைக்கலாமா' என்று கேட்காமல் 'யாரும் எமுலேட்டரோடு சேர்த்து வழங்கலாமா' என்று கேளுங்கள், சிபி/எம்காரர்கள் 21 வருடம் பட்ட பாடு போதும். பதில் வந்தால் ஒருவரின் அஞ்சல் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் எல்லாரும் பார்க்கும் இடத்தில் போடுங்கள். லாசன் பதில் பிழைத்ததற்கு அது பொதுவில் எழுதப்பட்டதும் ஒரு காரணம், ஆயிரம் பேர் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதிலுக்கு அப்புறம் அம்ஸ்ட்ராட்டும் கைமாறியது. 2007இல் ஸ்கை தொலைக்காட்சியை நடத்திய பிஸ்கைபி அதைச் சுமார் 12.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது, தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காக; ஸ்பெக்ட்ரம் அந்த மூட்டையின் அடியில் எங்கேயோ சேர்ந்து போனது. இன்றைக்கும் எமுலேட்டர் கையேடுகளில் அம்ஸ்ட்ராட்டுக்கு நன்றி சொல்லும் அந்த ஒரு வரி இருக்கிறது, திறந்ததும் திரையில் வருவது சிங்க்ளேர் பெயர், உரிமை இருப்பது ஸ்கையிடம். மூன்று பெயர்களில் யாரும் இதுவரை மற்றவரைத் திருத்த வரவில்லை.